பழைய லோரி என்ஜினைத் திறக்காமலே அளக்க: டீசல் கம்ப்ரஷன் மீட்டர் செட் பற்றி

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்கு ஓடும் பழைய இசூசு லோரிகளுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். என்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது, மேட்டில் இழுவை இல்லை, புகை வருகிறது. இந்த மூன்றையும் சொன்னவுடன் பட்டறையில், என்ஜினை முழுதும் பிரித்துப் புதுப்பிக்கும் ‘ஓவர்ஹால்’ என்ற வார்த்தை வந்துவிடும். அதைச் சொல்வதற்கு முன் யாராவது ஏதாவது அளந்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அளப்பதற்கான கருவி இப்போது ஷாப்பீயிலும் ஈப்போ கருவிக் கடைகளிலும் 100 முதல் 200 ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. பிராண்ட் பெயர் எதுவும் இல்லாத, கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் வரும் டீசல் கம்ப்ரஷன் மீட்டர் செட். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்தத்துக்கு அமுக்குகிறது என்று காட்டும். லோரி வைத்திருப்பவரும் தோட்டத்துப் போமனும் வாங்கி வைக்கத் தக்கது என்பது எங்கள் தீர்ப்பு. ஆனால் கடையிலேயே ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பெட்டிக்குள் 70 பார் வரை காட்டும் மீட்டர், ஒரு ரப்பர் ஹோஸ், குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் பிளக்) துளைக்கும் நாசல் (டீசல் தெளிக்கும் முனை) துளைக்கும் பொருந்தும் பல அடாப்டர்கள், சில பிடிகள் இருக்கும். பெட்ரோல் காருக்கான மீட்டர் 20 பார் அளவில் முடிந்துவிடும். அதை டீசலில் மாட்டினால் முதல் சுற்றிலேயே முள் வளைந்துவிடும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டிய விஷயம், ஒருவழி வால்வு எங்கே இருக்கிறது என்பது. டயர் வால்வு ஊசி போன்ற ஒரு சின்ன உருப்படி காற்றை உள்ளே பிடித்து வைக்கும். அது அடாப்டரின் நுனியில், அதாவது சிலிண்டருக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சில செட்டுகளில் அது ஹோஸின் மறுமுனையில், மீட்டரை ஒட்டி இருக்கிறது. அப்படியிருந்தால் ஹோஸுக்குள் இருக்கும் இடம் முழுவதும் எரியறையோடு சேர்ந்துவிடும். பெட்ரோல் என்ஜினில் எரியறை பெரியது, அதனால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. டீசலில் கதையே மாறிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இசூசு 4ஜேபி1 என்ஜின் 2,771 சி.சி., நான்கு சிலிண்டர். ஒன்றுக்கு 693 சி.சி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 18.2. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 40 மில்லிலிட்டர்தான். உள்விட்டம் 5 மி.மீ., நீளம் 40 செ.மீ. உள்ள ஹோஸ் 8 மில்லிலிட்டர் பிடிக்கும். அந்த 8 சேர்ந்தால் விகிதம் 15.4 ஆகிவிடுகிறது. சதுர செ.மீ.க்கு 31 கிலோ காட்ட வேண்டிய நல்ல சிலிண்டர் ஏறத்தாழ 25 தான் காட்டும். ஓரளவு தேய்ந்து 27 இல் இருக்க வேண்டியது 22 க்குப் போய், தூக்கிப்போட வேண்டிய என்ஜின் போலத் தெரியும். வண்டிக்காரர் ஓவர்ஹாலுக்குக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் அந்த ஹோஸுக்குள் இருந்த வெற்றிடத்துக்காகக் கொடுத்ததாகிவிடும். வால்வு தவறான முனையில் இருக்கும் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்ப முடியாவிட்டால் நான்கு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

அந்த வால்வு ஊசிக்குப் பதிலாக டயர் கடை ஊசியைப் போட்டால் மரை பொருந்தும், சூட்டில் ரப்பர் போய்விடும். மீட்டர் முள் ஏறி நிற்காமல் மெல்ல இறங்கினால் என்ஜினைச் சந்தேகிப்பதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். செட்டோடு வரும் உபரி ஊசிகளைத் தொலைக்காமல் வைத்திருப்பது முக்கியம்.

அடாப்டர்களில் உள்ள குறை, அவற்றின் மேல் எந்த வண்டிக்கு எது என்று ஒழுங்காக எழுதியிருக்காது. ஜப்பானிய டீசல்களில் 10 மி.மீ. குளோ பிளக் மரை அதிகம், ஆனால் பிட்ச் (மரை இடைவெளி) 1.25 ஆக இருக்கலாம், 1.0 ஆகவும் இருக்கலாம். கழற்றிய பழைய பிளக்கையும் அடாப்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரையை மரையோடு பொருத்திப் பாருங்கள். நீளத்தையும் பாருங்கள். கையால் முழுவதும் சுற்றி உள்ளே போகாத அடாப்டரை ஸ்பேனரால் தள்ளினால் ஹெட்டின் மரை போய்விடும். நாசல் துளை வழியாக அளப்பதென்றால் செம்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும்.

அளக்கும் முறை

என்ஜின் சூடாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாளே, என்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வு இடைவெளியைச் சரிசெய்து வைத்துவிடுங்கள். 4ஜேபி1 க்கு உள்வால்வு, வெளிவால்வு இரண்டுக்கும் 0.40 மி.மீ. இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுதாக மூடாது. அதைப் பார்க்காமல் அளந்தால் பிஸ்டன் ரிங் மேல் வீண்பழி விழும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். பம்பின் மேல் உள்ள டீசல் நிறுத்தும் சொலினாய்டின் வயரைப் பிடுங்கி, முனையில் டேப் சுற்றுங்கள். நான்கு குளோ பிளக்கையும் கழற்றுங்கள், அளக்கும் ஒன்றை மட்டுமல்ல. மற்ற மூன்றும் அடைத்திருந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், எண் குறையும். நெடுநாள் கழற்றாத பிளக் இறுகியிருக்கும். சூடாக இருக்கும்போது எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். நுனி ஒடிந்து உள்ளே விழுந்தால் ஹெட்டைத் தூக்க வேண்டிவரும்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். 12 வோல்ட் வண்டியோ 24 வோல்ட் வண்டியோ, மேனுவலில் உள்ள எண் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று வேகத்துக்கானது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும், ஆறு முதல் எட்டு அமுக்கம் போதும். துளைகளுக்கு எதிரே முகத்தை வைக்காதீர்கள். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

கடைசி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டால் பாதித் தகவல் போய்விடும். முதல் அமுக்கத்தில் முள் எங்கே நின்றது என்பதையும் எழுதுங்கள். முதலில் குறைவாக நின்று ஒவ்வொரு அமுக்கத்திலும் ஏறிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் ரிங் தேய்மானம். முதலிலேயே குறைவு, பிறகும் ஏறவில்லை என்றால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

4ஜேபி1 க்கு மேனுவல் சொல்லும் அளவு ஒரு சதுர செ.மீ.க்கு 31 கிலோ, அதாவது 441 பி.எஸ்.ஐ. கடைசி வரம்பு 22 கிலோ, 313 பி.எஸ்.ஐ. மீட்டர் பாரில் காட்டினால் முறையே 30.4, 21.6. இந்த மலிவு மீட்டர்களின் முள் ஓரிரண்டு பார் முன்பின் காட்டக்கூடும் என்று வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அதனால் நான்கும் 26, 27, 26, 27 என்று வந்தால் அந்த என்ஜினை ஓட்டலாம். 28, 28, 20, 27 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஏதோ இருக்கிறது. அதற்காக முழு ஓவர்ஹால் தேவையில்லை. நாசல் சொட்டி லைனர் (சிலிண்டரின் உள் உறை) சுவரில் ஆயிலைக் கழுவிவிட்டிருக்கலாம், வால்வு எரிந்திருக்கலாம். நான்கும் ஒன்றுபோல 22 க்குக் கீழே என்றால் வேறு கதை. தோட்ட வண்டிகளில் இதற்குப் பெரும் காரணம் செம்மண் தூசி. ஃபில்டர் புதிதாக இருக்கும், ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் அடிப்பக்கம் வெடித்திருக்கும். அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் மண் ஒட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. அதை மாற்றாமல் ரிங் போட்டால் புது ரிங்கும் அதே வழியில்தான் போகும்.

எண் குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பது பெட்ரோல் என்ஜினுக்கான பழக்கம். செட்டோடு வரும் காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 4ஜேபி1 போன்ற, சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் தெளிக்கும் என்ஜினில் இதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் தலையில் குழி இருக்கிறது, ஊற்றிய ஆயில் ரிங்குக்குப் போகாமல் அந்தக் குழியில் தேங்கும். 40 மில்லிலிட்டர் இடத்தில் ஒரு தேக்கரண்டி, 5 மில்லிலிட்டர், தேங்கினாலே விகிதம் 18.2 இலிருந்து 20.6 ஆகிவிடும். எண் ஏறும், ரிங் தேய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டுவோம். ஏறியது இடம் குறைந்ததால். இன்னும் தாராளமாக ஊற்றினால் பிஸ்டன் முட்டிக் கனெக்டிங் ராடு வளையும்.

அதற்குப் பதிலாக இதே செட்டின் அடாப்டரை வைத்துக் காற்றுக் கசிவைப் பாருங்கள். உள்ளே உள்ள வால்வு ஊசியை எடுத்துவிட்டு, கம்ப்ரசர் ஹோஸை மாட்டுங்கள். அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை அமுக்க உச்சியில் நிறுத்த வேண்டும், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். வெடிப்பு வரிசை 1-3-4-2, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கிராங்க் அரைச் சுற்று. கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். 93 மி.மீ. பிஸ்டன் மேல் 7 பார் காற்று ஏறத்தாழ 480 கிலோ விசையோடு அழுத்தும். ஃபேன் பக்கம் கை இருந்தால் விரல் போய்விடும். காற்றைத் திறந்தபின் காதால் கேட்டால் போதும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் அல்லது லைனர். ஏர் ஃபில்டர் குழாயில் கேட்டால் உள்வால்வு, சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பு. நல்ல ரிங்கிலும் ஆயில் வாயில் லேசான சீற்றம் இருக்கும், எனவே நான்கையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

ஆயில் கசிவுக்கு முன் ஒரு தண்ணீர்க் குழாய்

பெட்டியில் இல்லாத கருவி ஒன்றும் வேண்டும். சில ரிங்கிட்டில் முடியும். இரண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ‘யு’ வடிவில் கட்டி, பாதிவரை நிறத்தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் அளவுக் கம்பி இருக்கும் குழலில் காற்றுப் புகாமல் மாட்டுங்கள். என்ஜின் ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், என்ஜின் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம். ஐட்லிங்கில் ஒன்று, 2,000 சுற்றில் ஒன்று என்று எழுதுங்கள்.

பழைய லோரியில் ஆயில் சீல் மாற்றியும் மாற்றியும் கசிவு நிற்காததற்கு இந்த அழுத்தம்தான் அடிக்கடி காரணம். உள்ளே காற்று முட்டினால் புது சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். முன் சீல், பின் சீல், ராக்கர் கவர், சம்ப் என்று ஒரே நேரத்தில் பல இடத்தில் ஈரம் இருந்தால் முதலில் இதை அளங்கள். மட்டம் உயர்ந்திருந்தால் ராக்கர் கவரிலிருந்து போகும் மூச்சுக் குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். உடனே இறங்கினால் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது. அதையும் கவருக்குள் இருக்கும் தடுப்பையும் டீசலில் கழுவினால் வேலை முடிந்தது.

கழற்றியும் மூச்சுக் குழாய் வாயில் காற்று பலமாக வந்தால் ரிங் வழியாக வருகிறது என்று பலர் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இன்னும் ஒரு வழி இருக்கிறது. இந்த என்ஜினில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது. அது பிரேக் பூஸ்டரிலிருந்து உறிஞ்சும் காற்றை, ஆயில் திரும்பும் ஹோஸ் வழியாக என்ஜினுக்குள்தான் தள்ளுகிறது. பூஸ்டர் டயாஃப்ரமோ வேக்கம் ஹோஸோ ஓட்டையாக இருந்தால் பம்ப் ஓயாமல் வெளிக்காற்றை உறிஞ்சி என்ஜின் வயிற்றை ஊதிக்கொண்டே இருக்கும். வண்டி நின்ற இடத்திலேயே பம்பின் உறிஞ்சு வாயை ஒரு நிமிடம் அடைத்துப் பாருங்கள். காற்று குறைந்தால் கோளாறு பிரேக் பக்கம். என்ஜின் நல்லது, ஆனால் அந்த வண்டியைச் சரிசெய்யாமல் சாலையில் எடுக்கவே கூடாது. அடைத்த நிலையில் ஒரு மீட்டர்கூட நகர்த்தாதீர்கள். பிரேக் மிதிக்க வராது.

கம்ப்ரஷன் எண்ணும் இந்தத் தண்ணீர் மட்டமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தினால் மட்டுமே ரிங் என்று சொல்ல வேண்டும். ஒன்று நன்றாகவும் மற்றது மோசமாகவும் இருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அல்லது அளவு தவறியிருக்கிறது.

ஒளிரும் சாயமும் ஊதா விளக்கும்

இதே கடைகளில் விற்கும் கசிவு கண்டுபிடிக்கும் செட் பற்றி எங்கள் கருத்து அவ்வளவு உயர்வானதல்ல. சாயத்தை ஆயிலில் ஊற்றி, ஓட்டி, ஊதா விளக்கு அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும் என்பது உண்மைதான். பெட்ரோல் காரில் அருமையாக வேலை செய்யும். டீசலில் ஆயில் கரிபடிந்து கறுப்பாகிவிட்டால் அந்தக் கரி ஒளியை விழுங்கிவிடும். ஆயில் மாற்றிய அன்றே சாயத்தை ஊற்றி, 30, 40 கிலோமீட்டர் ஓட்டியவுடன் பார்த்தால் தெரியும். மாதக் கடைசியில் ஊற்றினால் காசு போனதுதான். விளக்கு 365 நானோமீட்டர் என்று இருந்தால் நல்லது. மலிவான 395 நானோமீட்டர் விளக்கில் எல்லாமே ஊதாவாகத் தெரியும், மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு இருட்டிய பிறகு பார்க்க வேண்டும்.

சாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்ஜினைக் கழுவாமல் கசிவு தேடக் கூடாது. தோட்டச் சாலையில் ஓடும் வண்டியில் ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். டீகிரீசர் போட்டுக் கழுவி, காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடரில் ஈரக்கோடு தெரியும். கோட்டின் மேல் நுனிதான் கசியும் இடம். சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஃபேன் காற்று ஆயிலைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

இதில் மிகவும் செலவு வைக்கும் தவறு கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டும் ஆயில். பின் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். ராக்கர் கவர் கேஸ்கெட்டின் பின்மூலை கசிந்தாலும் ஆயில் ஹெட்டின் பின்புறமாக வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். பின் மூலையில் கையை விட்டுத் தடவிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், என்ஜினுக்குச் சம்பந்தமே இல்லை. வேக்கம் பம்புக்குப் போகும் ஆயில் ஹோஸ்களையும் ஆயில் ஃபில்டர் அடிப்பகுதியையும் மறக்காதீர்கள். பின் சீல்தான் என்று உறுதியாகி இறக்கினால், கிராங்கில் பழைய சீல் பதித்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் உரசிப் பாருங்கள். இருந்தால் புது சீலின் உதடு அதே பள்ளத்தில் உட்காராதபடி கொஞ்சம் தள்ளிப் பொருத்த வேண்டும், அல்லது மெல்லிய உறை போட வேண்டும். சிலிக்கோனை அள்ளிப் பூசும் பழக்கம் வேண்டாம். உள்ளே பிதுங்கிய துண்டு ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் பேரிங் போய்விடும்.

ஆயில் பிரஷர் மீட்டர்

கம்ப்ரஷன் மீட்டர் கிராங்க் பேரிங் பற்றி எதுவும் சொல்லாது. ரிங் நன்றாக இருந்து பேரிங் தேய்ந்த என்ஜின்கள் உண்டு. அதற்குத் தனியாக ஒரு ஆயில் பிரஷர் மீட்டர் வேண்டும். டேஷ்போர்டு ஆயில் விளக்கை எரியவைக்கும் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மாட்ட வேண்டும். ஜப்பானிய என்ஜின்களில் இது பெரும்பாலும் 1/8 பி.டி. மரை, அங்குலத்துக்கு 28. சில செட்டுகளில் வருவது 1/8 என்.பி.டி., அங்குலத்துக்கு 27. முதல் இரண்டு சுற்று ஏமாற்றிப் போகும், பிறகு பிளாக் மரையைக் கெடுக்கும்.

நன்றாகச் சூடான ஆயிலில் அளங்கள். 1,000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைகளில் நெடுநாளாக வைத்திருக்கும் கைக்கணக்கு. அதைவிடக் குறைந்தால் பேரிங் என்று முடிவெடுப்பதற்கு முன் அளவுக் கம்பியைப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தால், டீசல் வாடை அடித்தால், டீசல் பம்பின் முன் சீல் போய் டைமிங் கியர் பெட்டி வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறது. தண்ணீராய் இளகிய ஆயிலில் எந்த என்ஜினும் பிரஷர் காட்டாது. சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றி, மறுபடி அளந்த பிறகுதான் பேரிங் பேச்சு. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தால் இன்னும் தெளிவாகும். செம்பு நிறத்தில் மின்னும் துகள் இருந்தால் சம்பைக் கழற்றிப் பேரிங் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

எண்கள் எல்லாம் சேர்ந்து ஓவர்ஹால் என்று சொல்லிவிட்டால், 4ஜேபி1 இல் குரோம் பூசிய மெல்லிய லைனர் இருக்கிறது என்பதைப் போரிங் கடையில் பேசும்போது நினைவில் வையுங்கள். அதைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதில்லை, லைனரையே மாற்றுவதுதான் முறை.

ஓவர்ஹாலுக்குப் பதில் ரீகான் என்ஜின், அதாவது வேறு வண்டியில் ஓடிய பழைய என்ஜின், வாங்கப் போகிறவர்களுக்கு இந்தச் செட் இன்னும் பெரிய உதவி. தரையில் கிடக்கும் என்ஜினில் ஸ்டார்ட்டர் இருந்தால் போதும், ஒரு நல்ல பேட்டரியும் ஜம்பர் கேபிளும் கொண்டுபோய், கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நான்கு சிலிண்டரையும் அளந்துவிடலாம். நெடுநாள் ஓடாமல் கிடந்த என்ஜினில் லைனர் காய்ந்து எண் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அதனால் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாகப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்திருந்தால் அடுத்த என்ஜினைக் காட்டச் சொல்லுங்கள். அளக்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.